சாரதியை மாற்றும் உரிமை யாருக்கு?

‘புதுப்பித்தல்’ நல்ல தமிழ்ச் சொல். கூரையின் கிடுகு உக்கிவிட்டால் வீட்டுக்காரன் மாரிக்கு முன் புதுக் கிடுகு வேய்கிறான், அது புதுப்பித்தல். மீனவன் கிழிந்த வலையைக் கரையில் விரித்து வைத்துப் பொத்துகிறான், அதுவும் புதுப்பித்தல். இவ்விரண்டிலும் பொருளுக்கு உரியவன் இருக்கிறான். அவனது தேவை இருக்கிறது. அவன் தெரிந்தெடுத்த நேரம் இருக்கிறது. வீட்டுக்காரன் உறங்கும் வேளையில், பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒருவன் வந்து கூரையைப் பிரித்து, தனக்குப் பிடித்த ஓட்டைப் பரப்பிவிட்டு, ‘உமது வீடு புதுப்பிக்கப்பட்டுள்ளது’ என்று கதவில் ஒரு சீட்டையும் ஒட்டிவிட்டுப் போனால், அதற்கும் இதே சொல்லை வழங்கலாமா? வழங்குகிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். இச்சொல்லின் பின்னே ஒளிந்து நிற்கும் அதிகாரத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

கணினியுடன் இணைந்த அச்சுப்பொறி, திரை, ஒலிபெருக்கி, கமரா, வலையமைப்பு அட்டை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதனதன் பேச்சை அறிந்த ஒரு மென்பொருள் வேண்டும். உலகம் அதனை டிரைவர் என்கிறது. பாடநூற் கலைச்சொல் சாதனச் செலுத்தி என்கிறது. நாம் ‘சாரதி’ என்றே எழுதுவோம். கண்டி வீதியில் ஓடும் பஸ்ஸின் முன் ஆசனத்தில் அமர்ந்திருப்பவரை அப்படித்தானே அழைக்கிறோம்? வண்டி பழசாக இருக்கலாம். அதன் பிரேக்கும் கியரும் சாரதிக்குப் பழகியிருந்தால் பயணிகள் வீடு போய்ச் சேருவார்கள். கணினிச் சாரதிகளிற் பல, பணிசெயல் முறைமையின் கருவகத்தினுள்ளே முழு அதிகாரத்துடன் இயங்குபவை. சாதாரணச் செயலி ஒன்று பிழைத்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும்; கருவகத்திலுள்ள சாரதி பிழைத்தாலோ முழுக் கணினியும் விழும். சட்டைப் பொத்தானை மாற்றுவது போன்ற காரியமன்று இது.

நமது அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுவோம். கணினியின் பெயரும் அச்சுப்பொறியின் பெயரும் இங்கு வேண்டா. எந்த ஒரு நிறுவனத்தின் மீதும் சொந்த வழக்காடுவது நமது நோக்கமன்று. கப்பல்துறையில் நாம் குடியிருக்கும் வீட்டில் இரண்டாங்கையாக வாங்கிய அச்சுப்பொறி ஒன்றுண்டு. பாடசாலையின் பிரதியெடுக்கும் இயந்திரம் அடிக்கடி படுத்துவிடுவதால், தரம் பத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாளை வீட்டிலேயே அச்சிடுவது வழக்கம். பரீட்சைக்கு முதல்நாள் மாலை ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தோம், செம்மையாக இருந்தது. கடதாசி வாங்கி வந்து அதிகாலையில் எழுந்து அச்சிட்டால், தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள்! இலக்கங்கள் மட்டும் அழகாக விழுந்திருந்தன. இரவோடிரவாகப் பழைய சாரதி இறக்கப்பட்டு, அந்த அச்சுப்பொறியைக் கண்டறியாத ஒரு பொதுச் சாரதி ஏறியிருந்தது. அன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதியே பரீட்சையை நடத்தினோம். பின்வரிசைப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்கள். பார்த்தெழுதுவதிலேயே அரை மணித்தியாலம் போயிற்று. மாலையில் பழைய சாரதியைத் தேடிப்பிடித்து ஏற்றினோம். மூன்றாம் நாள் அது மீண்டும் இறக்கப்பட்டிருந்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது இரு திசைகளிலிருந்து கண்டனம் வந்தது. இளைய நண்பர் ஒருவர், “சேர், அது தானாகவே எல்லாம் பார்த்துச் செய்யும். பெரிய பெரிய நிபுணர்கள் அனுப்புவதை நிறுத்த நாங்கள் யார்?” என்றார். மூத்த தோழர் ஒருவரோ சிரித்துவிட்டு, “நாட்டின் கடன், தொழிலாளியின் சம்பளம், விவசாயியின் உரம் என்று ஆயிரம் பிரச்சினைகள் கிடக்க, நீங்கள் ஒரு பிரின்டருக்காகப் போர்க்கொடி தூக்குகிறீர்களே!” என்றார். முன்னவர் அடங்கிப்போகச் சொல்கிறார். பின்னவர் அலட்சியம் செய்யச் சொல்கிறார். இருவரும் நமது மதிப்புக்குரியவர்களே. ஆயினும் இருவரும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேருகிறார்கள்: விசை அவனிடமே இருக்கட்டும்!

இந்த விசை எப்படி அவனிடம் போயிற்று என்பதை முதலிற் பார்ப்போம்.

2015 யூலை 29 ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 ஐ வெளியிட்டது. அதற்கு முன்னைய பதிப்புகளில், புதுப்பிப்புகளைப் பட்டியலாகக் காட்டி ‘எது வேண்டும்?’ என்று கேட்கும் மரியாதையேனும் இருந்தது. புதிய பதிப்பின் உரிம உடன்படிக்கையோ, தானியங்கிப் புதுப்பிப்புகளை மேலதிக அறிவித்தல் எதுவுமின்றி ஏற்றுக்கொள்வதாக வாங்குவோரின் ஒப்புதலை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்த அதே வண்டியில் சாரதிகளும் ஏறி வந்தன. வெளியீட்டு நாளுக்கு முன்னரே என்விடியாவின் திரைச் சாரதி தானாக மாற்றப்பட்டுச் சிலரது திரைகள் குழம்பின, கூக்குரல் எழுந்தது, வேண்டாத புதுப்பிப்பை மறைத்துவைக்க ஒரு சிறு கருவியை நிறுவனம் தனியே வெளியிட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் வீட்டை விற்றுவிட்டு, கேட்டவனுக்கு மட்டும் ஒரு கயிற்றுத் துண்டைக் கொடுத்தது போன்ற காரியம் அது.

இதனினும் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. விண்டோஸில் ‘ஹோம்’ என்றொரு பதிப்பு. ‘புரோ’ என்றொரு பதிப்பு. முன்னது வீட்டாருக்கு, பின்னது கூடுதல் விலை கொடுக்கும் தொழில் நிறுவனங்களுக்கு. விண்டோஸ் புதுப்பிப்புகளோடு சாரதிகளைச் சேர்க்க வேண்டா என்று கட்டளையிடும் ஒரு கொள்கை விசை 2016 இல் வந்தது. வந்தது எங்கே? புரோவிலும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளிலும்! அந்த விசையைக் காட்டும் குறூப் பொலிசி எடிட்டர் என்ற சாளரம் ஹோம் பதிப்பில் இல்லவே இல்லை. அடியிலே ஓடும் இயந்திரம் ஒன்றுதான். நிரலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழையின் வீட்டில் அந்தச் சன்னலைச் சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. வேண்டாம் என்று சொல்லும் உரிமை விலைப்பட்டியலில் ஒரு தனிச் சரக்காகிவிட்டது. வர்க்க வேறுபாடு தொழிற்சாலை வாசலில் மட்டும் நிற்பதென்று எண்ணிய நமது மூத்த தோழர், இந்த இடத்தைச் சற்று நின்று பார்ப்பாராக.

நேர்மையின் பொருட்டு ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். ‘விண்டோஸ் அடித்துத்’ தரும் கடைகளில் நம்மவர்கள் பெறுவது பெரும்பாலும் உரிமம் வாங்காத பிரதியே. அதிலும் கடைக்காரர் தாராளமாகப் புரோவையே ஏற்றிவிடுகிறார். சட்டப்படி ஹோம் வாங்கியவன் விசையின்றித் தவிக்க, திருட்டுப் பிரதி வைத்திருப்பவன் விசையோடிருக்கிறான்! இந்த அறத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று நமக்குத் தெரியவில்லை.

பயனரின் எதிர்ப்பு வீண் போகவில்லை என்பதும் உண்மை. 2019 மே மாதப் பதிப்பிலிருந்து ஹோம் வைத்திருப்போரும் ஏழேழு நாளாக 35 நாள் வரை புதுப்பிப்பை ஒத்திவைக்கலாம் என்றாயிற்று. நான்கு ஆண்டுக் கூக்குரலுக்குக் கிடைத்த கூலி இது. தவணை முடிந்ததும் கதவு மறுபடியும் திறந்துவிடும்.

இளைய நண்பர் குறிப்பிட்ட நிபுணர்களுக்கு வருவோம். 2014 ஒக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஒவ்வொரு விஞ்ஞான ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரைத் தளமாகக் கொண்ட எஃப்.டி.டி.ஐ. என்ற கம்பனி, யூ.எஸ்.பி. துளையையும் பழைய தொடர் இணைப்புக் கருவிகளையும் இணைக்கும் சிறு சில்லுகளைச் செய்கிறது. மாணவர் செயற்றிட்டங்களுக்கு வாங்கும் சர்க்கிட் பலகைகள் பலவற்றில் அச்சில்லோ அதன் போலியோ இருக்கும். யூ.எஸ்.பி. சாதனம் ஒவ்வொன்றும் கணினியுடன் இணையும்போது, தன்னைச் செய்தவரின் எண்ணையும் தன் இன எண்ணையும் சொல்லி அறிமுகமாகும். அந்த எண்களைப் பார்த்தே கணினி சாரதியைத் தேர்ந்தெடுக்கிறது. விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக அக்கம்பனி அனுப்பிய புதிய சாரதி, போலிச் சில்லைக் கண்டால் அதன் இன எண்ணை அழித்துப் பூச்சியமாக எழுதிவிட்டது. அவ்வளவுதான், அதன்பின் அந்தச் சாதனத்தை விண்டோஸ் அடையாளம் காணாது. பெயரிழந்த பிணமாயிற்று!

போலி செய்தவன் குற்றவாளி. அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் தண்டனை யாருக்கு விழுந்தது? புறக்கோட்டைக் கடையில் மலிவு விலைக்குப் பலகை வாங்கிய மாணவன், அதிலுள்ள சில்லு அசலா போலியா என்று எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பான்? விசாரணை இல்லை; அறிவித்தல் இல்லை; முறையீட்டுக்கு இடமில்லை. ஒரு தனியார் கம்பனி, இன்னொரு தனியார் கம்பனியின் தபால் வண்டியில் ஏறி, உலகெங்கும் வீட்டுக்குள் புகுந்து பொருளைச் செயலிழக்கச் செய்தது. எதிர்ப்பு எழுந்ததும் அந்தச் சாரதி திரும்பப் பெறப்பட்டது. 2016 தொடக்கத்தில் வேறொரு சாரதி வந்தது. அது சில்லைக் கொல்லவில்லை, போலி என்ற வசனத்தைத் தரவினூடே கலந்து அனுப்பியது. வெப்பமானியின் வாசிப்பை எதிர்பார்த்திருக்கும் கருவிக்குள் வசைச் சொல்லைக் கலப்பது எவ்வகை நிபுணத்துவம் என்று கேட்கிறோம். மறுபுறம், லினக்ஸ் கருவகத்தில், எண் பூச்சியமாக்கப்பட்ட அச்சில்லுகளையும் ஏற்றுக்கொள்ளும் ஒரு சிறு திருத்தம் சேர்க்கப்பட்டது. கொன்றவன் யார், உயிர் கொடுத்தவன் யார் என்பதை வாசகரே கண்டுகொள்க.

இது வேண்டுமென்றே செய்த செயல். வேண்டாமற் செய்யும் பிழைகளும் உண்டு. 2018 ஒக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் ஒலிச் சாரதியொன்று தவறுதலாகப் பொருந்தாத கணினிகளுக்கும் அனுப்பப்பட்டது. பல கணினிகள் ஊமையாயின. மைக்ரோசொஃப்ட் தவற்றை ஒப்புக்கொண்டு அதனைத் திரும்பப் பெற்றது. 2024 யூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி, கருவகத்தில் ஓடும் தன் சாரதி வாசிப்பதற்கென அனுப்பிய ஒரு சிறு கோப்பிற் பிழை இருந்தது. ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள் விழுந்தன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் ஸ்தம்பித்தன. அனுப்பியவர்கள் நிபுணர்கள்தாம், பெற்றுக்கொண்ட நிறுவனங்களிலும் நிபுணர்கள் இருந்தார்கள். ஒரே நேரத்தில், ஒரே பொத்தானில், உலகம் முழுவதற்கும் அனுப்பும் முறைதான் பிழையைப் பேரழிவாக்கிற்று.

இந்தப் பிழைகளைச் சோதித்துப் பிடிக்க வேண்டிய உழைப்பு எங்கே போயிற்று? 2014 யூலையில் மைக்ரோசொஃப்ட் 18,000 பேரை வேலை நீக்குவதாக அறிவித்தது. அவர்களிற் பெரும்பகுதியினர் நோக்கியாவிடமிருந்து வாங்கிய கைபேசிப் பிரிவினர். மென்பொருளைச் சோதிக்கத் தனிப்பட்ட குழு வேண்டியதில்லை, எழுதுவோரே சோதிக்கலாம் என்ற கொள்கையும் அக்காலத்திலேயே பேசப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் இறுதியில் விண்டோஸ் இன்சைடர் என்ற திட்டம் பிறந்தது. பொதுமக்கள் விரும்பிச் சேர்ந்து, முற்றுப்பெறாத மென்பொருளைத் தம் கணினியில் ஓட்டி, குறைகளை எழுதி அனுப்பலாம், சம்பளம் கிடையாது. விரும்பிச் சேர்ந்தவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. விரும்பாதவன் வீட்டுக்குள்ளும் அரைவேக்காட்டுச் சாரதி நுழையும்போது, அவனும் கூலியில்லாச் சோதனையாளன் ஆகிறான். அவன் கணினி உறைந்த செய்தி தானாக அங்கே போகிறது. அங்கே கணக்கெடுத்து அடுத்த மாதம் திருத்துகிறார்கள். அவனது அரை நாளும் அவனது டேட்டாவும் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. கூலியில்லா உழைப்பென்று நாம் வகுப்பிற் போதிப்பதற்கு இதைவிடச் சமீபத்திய உதாரணம் தேவையா?

டேட்டா என்றதும் நமது பிரதேசத்தின் நிலை நினைவுக்கு வருகிறது. இங்கே பல வீடுகளுக்குக் கம்பி வழி இணையம் இல்லை. டொங்கிளில் ரீலோட் போட்டே ஓட்டுகிறார்கள். திரைச் சாரதி ஒன்றே சில நூறு மெகாபைட் தின்னும். பிள்ளையின் பாடத்துக்கென்று போட்ட ரீலோட்டை, அந்தப் பிள்ளை ஒரு பாடத்தையும் திறக்குமுன் சாரதி குடித்துவிட்டுப் போகிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாதிச் சாரதி ஏறிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதை, தடையற்ற மின்சாரத்தோடு வாழும் தேசத்தில் இருந்து திட்டமிடுகிறவன் யோசித்திருக்க நியாயமில்லை.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதத்தைச் சந்திப்போம். ‘புதுப்பிப்பை நிறுத்தினால் வைரஸ் வரும்’ என்கிறார்கள். மெய்தான்! 2017 மே 12 ஆம் திகதி பரவிய வன்னக்ரை என்னும் தீநிரல், பிரிட்டிஷ் வைத்தியசாலைகளைக்கூட முடக்கியது. அது நுழைந்த துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை அவ்வாண்டு மார்ச் மாதமே மைக்ரோசொஃப்ட் வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றாதவர்களே பெரிதும் அடிபட்டார்கள். ஆகவே பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தும்படி நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். அம்மைப்பால் குத்துவதை மறுக்கும் மூடத்தனம் அது. பழைய சாரதிகளிலும் துவாரங்கள் இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நமது கேள்வி வேறு: தடுப்பூசி போட வந்தவர், போகிற போக்கில் வீட்டுச் சமையற்காரரையும் மாற்றிவிட்டுப் போகலாமா? இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி, ‘ஒன்று வேண்டுமானால் மற்றதையும் விழுங்கு’ என்பதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? உண்மையில், இந்தக் கட்டாயத்தால் வெறுப்படைந்தே பலர் புதுப்பிப்பு முழுவதையும் அடியோடு நிறுத்துகிறார்கள், தடுப்பூசியும் நின்றுபோகிறது.

இதிலே சுவையான ஒரு திருப்பம் உண்டு. 2021 இல் விண்டோஸின் அச்சுப் பகுதியில் ‘பிரின்ட்நைட்மேர்’ என்று பெயர் சூட்டப்பட்ட துவாரம் வெளிப்பட்டது. அச்சுச் சாரதியை ஏற்றும் வழியினூடாகவே அந்நியன் உள்ளே புகுந்து முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என்று தெரியவந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மைக்ரோசொஃப்ட் ஒரு விதி செய்தது: வலையமைப்பிலுள்ள அச்சு வழங்கியிலிருந்து சாரதியை ஏற்றவோ மாற்றவோ, இனிமேல் அந்தக் கணினியின் நிர்வாகியுடைய அதிகாரம் வேண்டும். ஆகா! சாரதியை மாற்றுவது பாரதூரமான காரியம், வீட்டுக்காரனின் சம்மதம் இன்றி நடக்கலாகாது என்ற தத்துவத்தைக் கம்பனியே தன் கையால் எழுதிவிட்டது. அந்தத் தத்துவம் பிறர் அனுப்பும் சாரதிக்கு மட்டும் பொருந்தி, தான் அனுப்பும் சாரதிக்குப் பொருந்தாமற் போவது எப்படி?

திருகோணமலைக்காரருக்கு இந்த விவகாரத்தை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. இந்நாடு 1948 இல் சுதந்திரம் பெற்றது. ஆனால் 1947 நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பிரித்தானியக் கடற்படை நமது துறைமுகத்திலேயே தங்கிற்று. கொடி நமது, துறை அவர்களுடையது. 1957 ஒக்டோபரிலேதான் கடற்படைத் தளம் கைமாறியது. வீட்டு உறுதி நமது பெயரிலும் திறப்பு வேறொருவர் மடியிலும் இருக்கும் வாழ்க்கை எப்படிப்பட்டதென்று, ஒன்பது ஆண்டுகள் நம் முன்னோர் பார்த்திருக்கிறார்கள். அந்நாளிலும் ‘உங்கள் பாதுகாப்புக்காகவே இருக்கிறோம்’ என்றுதான் சொல்லப்பட்டது.

துறைமுகத்தில் இன்றும் காணக்கூடிய வழக்கம் ஒன்றையும் சொல்லலாம். அந்நியக் கப்பல் உள்ளே வரும்போது, நீரோட்டமும் பாறையும் அறிந்த உள்ளூர் வழிகாட்டி, பைலட், சிறு படகிற் போய் அதில் ஏறுகிறார். அவரது அறிவு கப்பற்றலைவனுக்கு இன்றியமையாதது. ஆயினும் தலைவன் ஏணியை இறக்கிவிட்ட பின்னரே அவர் ஏற முடியும். ஏறிய பின்னும் கப்பலின் பொறுப்புத் தலைவனுடையதே. நிபுணருக்கும் உரிமையாளனுக்கும் இடையே மனிதர் நெடுங்காலமாகக் கண்டறிந்த நியாயம் அந்த ஏணியில் தொங்குகிறது. மைக்ரோசொஃப்டின் நிபுணர்களை நாமும் மதிக்கிறோம், இளைய நண்பரே. ஏணியை நாம் இறக்குகிறோம் என்றுதான் சொல்கிறோம்.

மூத்த தோழருக்கும் ஒரு வரலாறு கடமைப்பட்டிருக்கிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில், 1980 ஐ ஒட்டிய காலத்தில், ஸீரொக்ஸ் கம்பனி வழங்கிய லேசர் அச்சுப்பொறி ஒன்று அடிக்கடி கடதாசி சிக்கி நின்றது. ரிச்சார்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர், முன்னைய அச்சுப்பொறிக்குச் செய்ததுபோல, சிக்கினால் உரியவருக்கு அறிவித்தல் போகும்படி மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூல நிரல் மறுக்கப்பட்டது. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரும், இரகசிய ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டிருந்தபடியால் கொடுக்க மறுத்தார். அந்த அவமதிப்பின் சூட்டிலே வளர்ந்த எண்ணந்தான் 1983 செப்டெம்பரில் க்னூ திட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவகம் அதனோடு சேர்ந்தது. ‘ஒரு பிரின்டருக்காகவா?’ என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், ஆம், ஒரு பிரின்டருக்காகத்தான்.

கேரளத்தில் 2001 இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளைச் சுதந்திர மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. 2017 இல் அது கைட் என்ற நிறுவனமாயிற்று. அங்குள்ள மாணவர் லினக்ஸ் முறைமையிலேயே கணினி பயின்று பரீட்சை எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸின் அருகே ஏற்றப்பட்டிருந்தது. அருகே இருந்தது என்பதற்கு மேல் அது அதிகம் பயன்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை. நமது நாட்டிலோ, 2004 டிசெம்பர் 26 சுனாமியின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய, இலங்கை நிரலாளர்கள் தன்னார்வமாக எழுதிய ‘சஹானா’ 2006 ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் அறநிறுவனத்தின் சமூகப் பயன் விருதைப் பெற்றது. இக்கரையோரம் முழுவதும் அழிந்து கிடந்த நாளிற் பிறந்த மென்பொருள் அது. நம் கையால் ஆகாது என்று சொல்கிறவர்கள் இதனை அறிந்தே சொல்கிறார்களா?

லினக்ஸ் சொர்க்கமன்று. மூடிய சாரதியையே தரும் கம்பனிகளால் அங்கும் தொல்லை உண்டு. உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் இயல்பாகவே தாமாக ஏறும். ஆனால் அதை நிறுத்தும் விசை எல்லார் கையிலும் இருக்கிறது. அதற்கென்று ஒருவரும் விலைப்பட்டியல் நீட்டுவதில்லை.

இன்றே முறைமையை மாற்ற இயலாதவர்கள் என்ன செய்யலாம்? நாம் செய்ததைச் சொல்கிறோம். நன்றாக ஓடும் சாரதியின் நிறுவற் கோப்பை முதலில் ஒரு பென் டிரைவிற் பிரதிசெய்து வைத்தோம். அனுப்பியவர்கள் எப்போது தம் தளத்திலிருந்து அதை அகற்றுவார்கள் என்பது தெரியாது. டிவைஸ் மனேஜரில் அந்தச் சாதனத்தின் டிரைவர் பக்கத்தைத் திறந்தால் ‘ரோல் பாக் டிரைவர்’ என்ற பொத்தான் உண்டு. அது முன்னைய சாரதியை மீட்கும். பின், உயர்நிலை முறைமை அமைப்புகளில் ஹார்ட்வெயர் பகுதிக்குப் போய், சாதன நிறுவல் அமைப்பில் ‘நோ’ என்று தெரிவுசெய்தோம். இது எப்போதும் முழுமையாகத் தாக்குப்பிடிப்பதில்லை. புரோ வைத்திருப்போர் குறூப் பொலிசி எடிட்டரில் விண்டோஸ் அப்டேட் பகுதியில், புதுப்பிப்புகளோடு சாரதிகளைச் சேர்க்காதே என்ற கொள்கையை இயக்கிவிட்டால் காரியம் முடிந்தது. ஹோம் வைத்திருப்போர் முற்கூறிய மறைக்கும் கருவி கைவசம் இருந்தால், பழைய சாரதியை மீட்டவுடன், புதியது மறுபடி ஏறுமுன்னர் அதை மறைத்துவிட வேண்டும். டொங்கிள் வழி இணைவோருக்கு இன்னொரு வழி: அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவிட்டால், நாம் கேட்டாலன்றிச் சாரதிகள் இறங்குவதில்லை. ஆனால் ஏனைய திருத்தங்கள் பலவும் அதிலே காத்துக்கிடக்கும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் நாமே போய்ப் பார்த்து, பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த நாளைச் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம்.

வீட்டளவில் இவ்வளவு. பாடசாலையளவில் ஆசிரியர் சங்கங்கள் கேட்க வேண்டியவை உண்டு. கணினி ஆய்வுகூடத்துக்குக் கருவி வாங்கும்போது, சாரதியை நிறுத்தும் விசை உள்ள முறைமையே வாங்கப்படல் வேண்டும். அல்லது சுதந்திர மென்பொருளே ஏற்றப்படல் வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில், பொத்தானை எங்கே அழுத்துவது என்பதோடு, அந்தப் பொத்தான் யாருக்கு உரியது என்பதும் ஒரு பாடமாக வேண்டும். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பு ஏற்க மறுக்கும் பழைய கணினிகள் வீட்டிலும் பாடசாலையிலும் கிடக்கின்றன. பத்து ஆண்டுகள் நமது சம்மதமின்றிப் புதுப்பித்தவர்கள், இப்போது நமது சம்மதமின்றியே கைவிட்டிருக்கிறார்கள். அந்தக் கணினிகளைக் கழிவு என்று எழுதிவிடுமுன் ஒன்றிலேனும் லினக்ஸை ஏற்றிப் பார்க்கும்படி அதிபர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நமது ஆய்வுகூடத்தில் மூலையிற் கிடந்த ஒன்றில் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஏற்றினார்கள். ஒலி முதல்நாளே வந்துவிட்டது. வயர்லெஸ் அட்டைக்குச் சாரதி தேடி இரண்டு பிற்பகல்கள் சென்றன. தேடிக் கண்டவர்கள் அவர்களே.

நமது வீட்டு அச்சுப்பொறி இப்போது பழைய சாரதியோடு ஓடுகிறது. சென்ற சனிக்கிழமை பட்டியலில் புதிய சாரதியொன்று வந்து நின்றது, மறைத்தோம். இத்தவணையின் வினாத்தாள் நேற்றிரவு அச்சாயிற்று. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அததன் இடத்தில் விழுந்திருந்தன.